கோப்புகள் குடியேறிய அரண்மனை

சென்னையில் வளர்ந்த என் வயதுக்காரர்களிடம் சேப்பாக்கம் என்று சொன்னால் கிரிக்கெட் மைதானம் நினைவுக்கு வரும். அரசு வேலையில் இருந்தவர்களுக்கும், ஒரு காரியமாக அரசு அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தவர்களுக்கும் எழிலகமும் பொதுப்பணித்துறை வளாகமும் நினைவுக்கு வரும். அரண்மனை யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வந்ததில்லை. ஆற்காட்டு நவாபின் தர்பார் நடந்த கட்டடம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதற்குள் எந்த ஆபீஸ் இருக்கிறதோ அந்த ஆபீஸின் பெயரால்தான் அதை அறிந்திருந்தோம். என் நினைவில் தங்கிய சேப்பாக்கம் அரண்மனையும் அப்படிப்பட்டதே. வளைவு வளைவாக ஓடும் தாழ்வாரத்தைப் பிளைவுட் தடுப்பு பாதியில் மறித்திருக்கும். தூணை ஒட்டி இரும்பு பீரோ, பீரோவின் தலைமேல் துணியில் கட்டிய பழைய கோப்புகள், அதற்கும் மேலே சுதை வேலைப்பாட்டைக் குறுக்கே கடந்து போகும் மின்கம்பிகள். ஏறிட்டுப் பார்த்தால் மட்டும் அது அரண்மனை. யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

இந்த நினைவை வைத்துக்கொண்டு, அரசாங்கம் ஒரு அரண்மனையைக் கெடுத்துவிட்டது என்று எழுதுவது சுலபம். பலரும் அப்படி எழுதியிருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் சேப்பாக்கத்தின் வரலாற்றைத் தொடர்ந்து படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று உறுதிப்பட்டு வந்திருக்கிறது. அரசு அலுவலகம் ஆனதால்தான் அந்த அரண்மனை பிழைத்தது. அதைக் கட்டடமாகப் பார்க்காமல் வெறும் இடமாகப் பார்த்ததால்தான் எரிந்தது. இந்த இரண்டும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, அலுவலகங்களை வெளியேற்றினால் போதும் என்று முடிவுகட்டுவது தவறான மருந்தைக் கொடுப்பதாகும்.

முதலில் அந்த அரண்மனை எதற்காக எழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டபோது அவர் மகன் முகமது அலிக்கு எஞ்சியது திருச்சிராப்பள்ளிக் கோட்டையும் ஒரு உரிமைக் கோரிக்கையும்தான். பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் நின்றார்கள், முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயக் கம்பெனி நின்றது. கம்பெனி வென்றது, முகமது அலி கர்நாடக நவாப், அதாவது ஆற்காட்டு நவாப், ஆனார். அந்த வெற்றிக்கான படைச்செலவு முழுவதும் நவாபின் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. சொந்தத் தலைநகரான ஆற்காட்டில் இருப்பதைவிட, கடன் கொடுத்தவனின் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் இருப்பதே பாதுகாப்பு என்று அவர் எண்ணினார். புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்டிக்கொள்ளும் யோசனை முதலில் இருந்தது, அது கைகூடவில்லை. கூவத்துக்குத் தெற்கே, கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கி, 1764-ல் தொடங்கி 1768-க்குள் கட்டடம் எழுந்தது. சுற்றுச்சுவருக்குள் 117 ஏக்கர். வடக்கே இரண்டு மாடிகளும் சிறு குமிழ்மாடங்களும் கொண்ட கலச மஹால், தெற்கே தர்பார் மண்டபம் கொண்ட ஹுமாயூன் மஹால். நவாப் குடிவந்த மறு ஆண்டே ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்தது. இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவர் கணக்கு தப்பவில்லை.

கட்டியவர் கம்பெனியின் பொறியாளராக வந்த பால் பென்ஃபீல்டு என்று மரபாகச் சொல்லி வருகிறார்கள். இந்திய வளைவுகளையும் குமிழ்மாடங்களையும் ஐரோப்பியக் கட்டுமான முறையோடு கலந்த இந்தோ-சாரசெனிக் பாணிக்கு இதுவே முன்னோடி என்றும் சொல்வார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது பென்ஃபீல்டின் பெயர் இன்னொரு ஏட்டிலும் இருப்பது. நவாபுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்த கம்பெனி ஊழியர்களில் பென்ஃபீல்டு முதல் வரிசையில் இருந்தவர். 1773-ல் நவாபின் படை தஞ்சாவூரைப் பிடித்தது. அந்தச் சீமையின் விளைச்சல் வருமானம் கடனுக்கு ஈடாகத் தனக்கு எழுதித் தரப்பட்டிருப்பதாக பென்ஃபீல்டு உரிமை கோரினார். தஞ்சாவூரை மராட்டிய மன்னர் துளஜாஜியிடம் திருப்பிக் கொடுத்த ஆளுநர் பிகட் பிரபுவை அவரது சொந்தக் கவுன்சிலே 1776 ஆகஸ்ட்டில் கைது செய்தது. காவலிலேயே அவர் மறு ஆண்டு இறந்தார். ஒரு ஆளுநரைக் கவிழ்க்கும் அளவுக்கு அந்தக் கடன்பத்திரங்கள் வலுப்பெற்றிருந்தன. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே நீண்ட உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. பின்னாளில் அந்தக் கடன் உரிமைகளை ஆராய அமைத்த ஆணையர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். கோரப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடனாகத் தேறவில்லை.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அரண்மனை என்றதும் நம் மனதில் எழும் படம் மன்னனின் மாட்சி, பிறகு அந்நியர் வந்து பறித்தது, பிறகு குமாஸ்தாக்கள் வந்து அழுக்காக்கியது என்ற வீழ்ச்சிக் கதை. சேப்பாக்கம் அந்தக் கதைக்குள் அடங்காது. அது முதல் கல் வைத்த நாளிலிருந்தே வரி வசூல், கடன், வட்டி, அடமானம் ஆகியவற்றின் கட்டடம். தஞ்சை வயல்களிலும் தொண்டை மண்டலத்து ஏரிப் பாசனத்திலும் விளைந்த நெல் எந்த வழியாகப் பணமாகி எவர் பெட்டிக்குப் போயிற்று என்பதை முடிவுசெய்த அறைகள் அவை. 1801 ஜூலையில் முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா சாகும் தறுவாயில் இருந்தபோதே கம்பெனிப் படை அரண்மனை வாசல்களில் நிறுத்தப்பட்டது. அவர் கண்மூடியதும் வாரிசான அலி ஹுசைனிடம் ஆட்சியைக் கைமாற்றும் பத்திரம் நீட்டப்பட்டது. அவர் மறுத்தார். ஒப்புக்கொண்ட அசீம்-உத்-தௌலா நவாபாக்கப்பட்டார். ஜூலை 31 தேதியிட்ட உடன்படிக்கையோடு கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. நவாபுக்கு மிஞ்சியது வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், இந்த அரண்மனையும், பட்டமும்தான். தமிழகத்தின் பெரும்பகுதி ஆங்கிலேயர் நிர்வாகத்துக்குள் வந்தது ஒரு போர்க்களத்தில் அல்ல. அந்த உடன்படிக்கையில் போட்ட ஒரு கையெழுத்தில்.

ஆக, நவாபுகள் இங்கே வாழ்ந்தது 87 ஆண்டுகள். அதில் ஆட்சி கையில் இருந்தது 33 ஆண்டுகள் மட்டுமே. 1855-ல் குலாம் கவுஸ் கான் வாரிசில்லாமல் இறந்ததும் டல்ஹவுசி காலத்து அரசு பட்டத்தையே ஒழித்தது. அரண்மனை கடனுக்காக ஏலத்துக்கு வந்தது, வாங்கியது சென்னை அரசாங்கமே. அரச குடும்பத்துக்கு 1867-ல் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம் தரப்பட்டது. அவர்கள் சில ஆண்டுகளில் ராயப்பேட்டை அமீர் மஹாலுக்குக் குடிபோனார்கள். ஏலத்தில் வாங்கியதிலிருந்து இன்றுவரை 160 ஆண்டுகளுக்கும் மேலாக சேப்பாக்கம் அரசின் வீடு. நவாபுகள் வாழ்ந்த காலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தக் காலத்தைக் கழித்துவிட்டு ‘உண்மையான’ அரண்மனையைத் தேடுவது வரலாற்றின் பெரும்பாதியை வெட்டி எறிவதாகும்.

வெட்டி எறியத் தக்க பாதியும் அல்ல அது. இன்று கிண்டிப் பொறியியல் கல்லூரி என்று நாம் பெருமையோடு சொல்லும் நிறுவனம் 1920-ல் கிண்டிக்கு மாறும்வரை கலச மஹாலில்தான் இயங்கியது. தென்னிந்தியாவின் அணைகளையும் பாலங்களையும் கட்டிய எத்தனையோ பொறியாளர்கள் நவாபின் மாடியில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டவர்கள். ஹுமாயூன் மஹால் பக்கம் ரெவின்யூ போர்டு வந்தது. நிலவரி, பட்டா, மிராசு என்று தமிழக விவசாயியின் தலையெழுத்தைத் தீர்மானித்த அந்த வாரியம் 1980-ல் கலைக்கப்படும்வரை மாநிலத்தின் மிக வலுவான நிர்வாக அமைப்பு. அதற்காக 1870-ஐ ஒட்டிக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் புதுக் கட்டடங்களைச் சேர்த்தார், இரண்டு மஹால்களுக்கும் நடுவே உயரமான கோபுரத்தையும் எழுப்பினார். பழைய அரண்மனையின் நடையை உடைக்காமல் அதன் வளைவுகளையே தன் மொழியாக எடுத்துக்கொண்டார். இன்று நாம் சேப்பாக்கம் அரண்மனை என்று படத்தில் காட்டி வியக்கும் தோற்றத்தில் சரிபாதி நவாபுடையது அல்ல, ஒரு வருவாய்த்துறை அலுவலகத்துக்காகச் செய்த விரிவாக்கம். அருகிலேயே உள்ள மாநிலக் கல்லூரியும் செனட் ஹவுஸும் அதே சிஷோம் கையால் வந்தவை. கடற்கரைச் சாலைக்கு ஒரு முகம் இருக்கிறதென்றால் அந்த முகம் சேப்பாக்கத்திலிருந்து பிறந்தது.

அரசு குடியேறாமல் விட்ட அரண்மனைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்கலாம். அதே நவாபுகளின் ஆற்காட்டில் கோட்டையும் அரண்மனையும் மண்ணோடு போய் டெல்லி வாசல்தான் அடையாளமாக நிற்கிறது. மதுரையில் 1636-ஐ ஒட்டித் திருமலை நாயக்கர் கட்டிய மஹாலின் பெரும்பகுதி அவர் பேரன் காலத்திலேயே பெயர்க்கப்பட்டது. மிஞ்சியதும் இடிந்துகொண்டிருந்தபோது, ஆளுநர் நேப்பியர் 1866-க்கும் 1872-க்கும் இடையில் அதைச் சீரமைக்கப் பணம் ஒதுக்கினார். நீதிமன்றத்துக்கும் அலுவலகங்களுக்கும் இடம் கிடைக்கும் என்பது அந்தச் செலவுக்கு வலுவான காரணமாக இருந்தது. வழக்காடிகளும் வக்கீல்களும் நூறு ஆண்டுகள் நடமாடியதால்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் நிமிர்ந்து பார்க்கும் சொர்க்க விலாசம் தலைக்குமேல் இருக்கிறது. புதுக்கோட்டையில் ராஜகோபாலத் தொண்டைமான் தம் புது அரண்மனையை அரசுக்குக் கொடுத்தார். 1974-ல் தனி மாவட்டம் பிறந்தபோது ஆட்சியர் அலுவலகம் அங்கே அமைந்தது. இன்றும் அந்த வளாகம் பசுமையோடும் ஒழுங்கோடும் இருக்கிறது. தினமும் ஆயிரம் பேர் மனுவோடு வந்துபோகும் இடத்தைக் கவனிக்காமல் விட முடியாது என்பது அதற்கு ஒரு காரணம்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் 2012 ஜனவரித் தீ. பொங்கல் விடுமுறையில், இரவில், கலச மஹாலில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்புத் துறையினர் ஒருவர் உயிரிழந்தார், வேறு சிலர் படுகாயம் அடைந்தார்கள். தளங்கள் சரிந்தன, அலுவலகக் கோப்புகள் சாம்பலாயின. அரண்மனையை அலுவலகமாக்கினால் இதுதான் கதி என்றார்கள். அந்த வாதத்தை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும், ஒரு மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார். ஆனால் எரிந்தது எது, ஏன் என்று பிரித்துப் பார்த்தால் பதில் வேறாகிறது. இந்த வகைக் கட்டடங்களின் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். நெருக்கமாக அடுக்கிய மரச் சட்டங்களின் மேல், மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் மூலைவிட்டமாகப் பதித்து, சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். மேல்பூச்சில் கடுக்காய் ஊறவைத்த நீரும் வெல்லமும் சேரும். நன்றாகப் போட்ட மெட்ராஸ் டெரஸ் நூற்றாண்டுகள் நிற்கும், வெயிலை உள்ளே விடாது, மழையில் நனைந்தாலும் மூச்சுவிட்டு உலரும். அதன் பலவீனம் ஒன்றே ஒன்று. எடை முழுவதையும் சுமப்பது மரம். மரத்தில் தீ பிடித்துவிட்டால் மேலே இருக்கும் டன் கணக்கான செங்கல் காரை அப்படியே கீழே இறங்கும். அணைக்கப் பாய்ச்சும் தண்ணீரை அந்தக் காரை உறிஞ்சிக்கொண்டு இன்னும் கனக்கும். உள்ளே போகிற தீயணைப்பு வீரருக்கு இதைவிட ஆபத்தான கூரை கிடையாது.

இப்படிப்பட்ட கூரைக்கு அடியில் பிளைவுட் தடுப்புகளையும் பொய்க்கூரையையும் வைத்து, ஏசிக்கும் கணினிக்கும் தேவையான மின்சுமையை ஒட்டுப்போட்ட பழைய கம்பிகளில் இழுத்து, சுவரோரம் முழுக்கக் காகிதத்தை அடுக்கி, இரவில் ஆளில்லாமல் பூட்டிப் போனது யார் குற்றம்? அலுவலகம் என்ற பயன்பாட்டின் குற்றமா? அதே தடுப்புகளும் அதே கம்பிகளும் ஒரு அருங்காட்சியகத்துக்குள் இருந்தாலும் அதே தீதான் பிடிக்கும். ரெவின்யூ போர்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த வளாகத்தில் ஆவணங்களோடு வாழ்ந்தது. நிரந்தரமாகக் காக்க வேண்டிய ஆவணங்களுக்கென்றே அரசு 1909-ல் எழும்பூரில் தனிக் காப்பகம் கட்டிவிட்டது. காகிதத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அறியாத நிர்வாகம் அல்ல நம்முடையது. அந்த அறிவு கைவிடப்பட்டது, சதுர அடிக் கணக்கு மட்டும் மிஞ்சியது. எத்தனை மேசை போடலாம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இந்த உத்தரம் எத்தனை வயது என்று கேட்க ஒருவர் இல்லை.

இன்னொரு சான்று தீயைவிட அமைதியாக வந்தது, ஆனால் என் வாதத்துக்கு அதுவே முதன்மையானது. எரிந்த கலச மஹாலுக்குப் பக்கத்திலேயே இருந்த ஹுமாயூன் மஹாலில் தீப்பிடிக்கவில்லை. அது படிப்படியாகக் காலியாகிக் கிடந்தது. விளைவு என்ன? கூரை ஒழுகியது, சில பகுதிகள் சரிந்தன, சுவர் வெடிப்புகளில் ஆலும் அரசும் வேர்விட்டன. புழக்கம் இல்லாத ஒரு மழைக்காலம் சுண்ணாம்புச் சுவருக்குச் செய்யும் கேட்டைப் பத்து ஆண்டு அலுவலகம் செய்யாது. மனிதர் இருந்தால் ஒழுகலை யாராவது பார்ப்பார்கள், சலித்துக்கொண்டாவது ஒரு புகார் எழுதுவார்கள். பூட்டிய அறையில் அரசமரக் கன்று யாரும் பார்க்காமல் மரமாகிவிடும். இரண்டு மஹால்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அழிவின் விளிம்புக்கு வந்தன, ஒன்று கவனமற்ற பயன்பாட்டால், மற்றது பயனின்மையால். மீட்டெடுக்கும்போது இரண்டாவதற்குத்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது என்பதை அந்த வேலையின் நீளமே சொல்கிறது.

மீட்டெடுத்தது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கலச மஹாலின் நிலையைப் பார்த்து இனி இடிப்பதுதான் வழி என்று பேசியவர்கள் உண்டு. சுவர்கள் உறுதியாகவே இருந்தன, மீட்கலாம் என்பது முடிவாயிற்று. அதைச் செய்தது அதே பொதுப்பணித்துறை. சிமெண்டுக்குப் பழகிய ஒரு துறை சுண்ணாம்பை ஊறவைக்கவும் அரைக்கவும் மறுபடி கற்றுக்கொண்டது, கடுக்காயும் வெல்லமும் கலவைத் தொட்டிக்குத் திரும்பின, கொத்தனார்கள் மெட்ராஸ் டெரஸைத் தட்டினார்கள். பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று துறைக்குள் தனிப்பிரிவும் உருவானது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கலச மஹாலில் நடக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பும் ஆற்று மணலும் அங்கே வழக்குகளாக வருகின்றன. நவாப் காலத்தில் தஞ்சை விளைச்சல் பங்குபோடப்பட்ட வளாகத்தில் இன்று தண்ணீருக்காக ஒரு கிராமம் முறையிட முடிகிறது. இதைவிடப் பொருத்தமான வாழ்வு அந்தக் கட்டடத்துக்கு வேறு என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நவாபே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கம்பெனிக்கு நாட்டை அடகு வைத்த ஒருவரின் மாளிகைக்கு மக்கள் பணத்தில் கோடிகளைக் கொட்ட வேண்டுமா, பள்ளிக்கூடங்கள் கூரையின்றி இருக்கும்போது? கோபம் நேர்மையானது. ஆனால் முகமது அலியை அடகு வைத்தவராக மட்டும் நினைவில் வைப்பது பாதி உண்மை. வடக்கேயிருந்து பஹ்ருல் உலூம் அப்துல் அலி போன்ற பேரறிஞர் வந்து தங்கியது அவர் ஆதரவில். தம் காலத்தின் வரலாற்றையே பாரசீகத்தில் எழுதவைத்தார், புர்ஹான் எழுதிய துசுக்-இ-வாலாஜாஹி அப்படி வந்த நூல். கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் தாமே கவிஞர். தென்னாட்டில் வாழ்ந்த பாரசீகக் கவிஞர்களைத் தொகுத்து எழுதியவர். அவர் நிறுவிய மதரசா-இ-ஆசம் பின்னாளில் அண்ணா சாலையில் பள்ளியாக நடந்தது. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பெரிய மசூதியும் நடந்துபோகும் தூரத்தில் நிற்பதும், அந்தப் பேட்டையில் தமிழும் உருதும் கலந்து கேட்பதும் இந்த அரண்மனையின் விளைவே. அந்த நவாப் நல்லவரா என்பதற்கான பரிசாக யாரும் அரண்மனையைக் காப்பதில்லை. கடன் கொடுத்து நாடு பிடித்த வித்தையைக் காட்ட அதைவிடச் சிறந்த சாட்சி நம்மிடம் இல்லை என்பதற்காகவே காக்க வேண்டும். ஹுமாயூன் மஹாலில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைக்கும் வேலையை அரசு எடுத்துக்கொண்டது எனக்கு மகிழ்ச்சி தந்தது. அங்கே சிறைக்குப் போனவர்களின் படங்களோடு, நவாபின் கடன் கணக்கும் 1801 உடன்படிக்கையும் முதல் அறையிலேயே இருக்க வேண்டும். நாம் எதிலிருந்து விடுதலை கேட்டோம் என்பது அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. செலவைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சிறு பராமரிப்பைச் செய்யாமல் விட்டதன் விலையே அந்தக் கோடிகள்.

என் வாதத்துக்கே எதிராக நிற்கும் ஒரு சான்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஓமந்தூரார் தோட்டத்தில் இருந்த பழைய அரசினர் மாளிகையும் அரசின் கையில்தான் இருந்தது. ஆங்கில ஆளுநர்கள் வாழ்ந்த அந்தக் கட்டடத்தைப் புதிய தலைமைச் செயலகத்துக்காக அரசே இடித்தது. 2010-ல் திறந்த அந்தச் செயலகம் சில ஆண்டுகளில் மருத்துவமனையாகவும் மாறிவிட்டது. போன மாளிகை போனதுதான். ஆகவே அரசு பயன்படுத்துவது மட்டுமே காப்பு என்று நான் சொல்லவில்லை. தேவை மாறும் நாளில், பயன்பாட்டால் பிழைத்த கட்டடம் வெறும் மனையாகிவிடும். அந்த நாளுக்காகத்தான் சட்டம் தேவை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே, தீப்பிடித்த அதே ஆண்டில், சட்டமன்றத்தில் நிறைவேறியது. பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. ஆணையம் பல் உள்ளதாக இயங்க வேண்டும், அரசுத் துறைகளையும் கட்டுப்படுத்த வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் பழைய கட்டடங்களுக்கு மிகப்பெரிய உரிமையாளர் அரசுதான்.

மீதி வேலை சிறியது, ஆனால் தினமும் செய்ய வேண்டியது. எந்த மஹாலில் எவ்வளவு மின்சுமை, எவ்வளவு எடை என்று வரம்பு எழுதி அதை மீறாமல் பார்க்க, பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு பொறியாளர் இருக்க வேண்டும். பதிவறைகள் அந்தக் கட்டடங்களுக்குள் திரும்ப வரவே கூடாது. மாதத்தில் ஒரு விடுமுறை நாளாவது வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். தீர்ப்பாயம் நடக்கும் இடத்தில் பாதுகாப்பு முடியுமா என்று கேட்பார்கள். விசாரணை இல்லாத நாளில் தாழ்வாரத்தையும் முற்றத்தையும் காட்டுவதற்குப் பெரிய காவல் தேவைப்படாது. அதைவிட அவசரமானது கிழக்குப் பக்கம். கடலைப் பார்த்து எழுந்த அரண்மனைக்கு முன்னால் எழிலகமும் அதன் இணைப்புகளும் வரிசையாக நின்று கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் கண்ணிலிருந்து அதை மறைத்துவிட்டன. துறைமுகம் வந்தபின் கரை விரிந்து கடல் தள்ளிப்போனதை யாரும் திருத்த முடியாது, நாம் எழுப்பிய கட்டடங்களைத் திருத்தலாம். இன்றே இடிக்கச் சொல்லவில்லை, அங்கேயும் மக்கள் காரியம் நடக்கிறது. ஆனால் அந்தக் கான்கிரீட் கட்டடங்களுக்கு வயதாகி மாற்றிக் கட்டும் காலம் வரும்போது, அதே இடத்தில் இன்னும் உயரமாக எழுப்பும் கோப்பு கட்டாயம் மேசைக்கு வரும். அந்தக் கோப்பில் கையெழுத்திடும் முன், கோபுரத்துக்கும் கடற்கரைச் சாலைக்கும் இடையில் உள்ள மனையைக் காலியாக விடுவது என்ற முடிவை அரசு இப்போதே எழுத்தில் எடுத்து வைக்க வேண்டும்.